கதறலும் சிரிப்பும்

குழந்தைகளுக்கென்று எடுக்கப்படும் கார்ட்டூன் படங்களைப் பற்றிப் பெரியவர்களின் அபிப்பிராயம் சாதாரணமாக ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "ஏதோ பொம்மை ஆடுகிறது, குழந்தை சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறது." அதற்குமேல் யோசிக்க நமக்கு அவகாசம் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தினசரியின் தலையங்கத்தை நாம் ஒரு தடவை படித்துவிட்டு மறுநாள் அதில் சாமான் கட்டிவிடுகிறோம். குழந்தையோ தனக்குப் பிடித்த படத்தை இருபது தடவை பார்க்கிறது. எந்தப் பாத்திரம் எந்த இடத்தில் இருமும் என்பதுகூட அதற்கு மனப்பாடம். பதினாறாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்விக்க நாங்கள் படுகிற பாட்டை நினைக்கும்போது, படம் எடுக்கிறவர்களின் மேல் உபாத்தியாயர்களுக்குப் பொறாமை ஏற்படுவதில் ஆச்சரியமில்லை.

இப்படிப்பட்ட படங்களில், சென்ற கால் நூற்றாண்டாக, ஒரு புதிய விஷயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ராஜகுமாரி, சூனியக்காரி, பேசும் எலி ஆகியோருடன் எரிபொருளும் ஒரு பாத்திரமாகிவிட்டது. பெட்ரோலும் நிலக்கரியும் உலகத்தைச் சூடாக்குகின்றன. அவற்றுக்குப் பதிலாக வேறு எதைக் கொண்டு வண்டி ஓட்டுவது, விளக்கு எரிப்பது? பெரிய பெரிய மகாநாடுகளில் முடிவு காணாமல் இழுபட்டுக் கொண்டிருக்கும் இந்தக் கேள்வியை, பாலப் பருவம் தாண்டாத குழந்தைகளின் முன்னால் வைக்கிறார்கள் ஹாலிவுட்காரர்கள். வைப்பது நல்லதுதான். எப்படி வைக்கிறார்கள் என்பதே நம்முடைய விசாரணை.

2011-ம் வருஷத்தில் வெளியான 'கார்ஸ் 2' என்ற படத்தை முதலில் எடுத்துக் கொள்வோம். பிக்ஸார் ஸ்தாபனத்தார் எடுத்தது. டைரக்டர் ஜான் லாஸெட்டர். இந்தப் படத்தின் உலகத்தில் மனிதர்களே கிடையாது. எல்லோரும் மோட்டார் கார்கள். ஸர் மைல்ஸ் ஆக்ஸில்ராட் என்னும் கனதனவான் ஒருவர் வருகிறார். எண்ணெய் வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். பிறகு ஞானோதயம் பெற்று, எண்ணெயைத் துறந்து, மின்சாரக் காராக மாறிவிட்டதாகச் சொல்லிக் கொள்கிறவர். 'அலினால்' என்ற புதிய எரிபொருளை அவர் கண்டுபிடித்திருக்கிறார். அதன் பெருமையை உலகத்துக்குக் காட்டுவதற்காக டோக்கியோவிலும், இத்தாலியில் ஒரு கற்பனை நகரத்திலும், லண்டனிலும் பந்தயங்கள் நடத்துகிறார்.

பந்தயத்தில் ஓடும் கார்களின் எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன. டெலிவிஷன் காமிரா போல வேஷமிட்ட ஒரு கருவியிலிருந்து கிளம்பும் கிரணம் அலினாலைப் பற்றவைக்கிறது. இதைச் செய்கிறவர்கள் யார்? ஊர் முழுவதும் கேலி செய்யும் ஓட்டை உடைசல் கார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எஜமான். அந்த எஜமான் ஆக்ஸில்ராட் பிரபுவேதான்! ரகசியமாக ஒரு பெரிய எண்ணெய் ஊற்று அவர்கள் வசம் இருக்கிறது. மாற்று எரிபொருளின் பெயரை உலகத்தார் முன்னிலையில் கெடுத்துவிட்டால் எல்லோரும் பயந்துபோய்ப் பெட்ரோலுக்கே திரும்பிவிடுவார்கள். அப்போது கொள்ளை லாபம் அடிக்கலாம். இதுவே சூழ்ச்சி. கதாநாயகன் தப்பிப் பிழைப்பதற்குக் காரணம், அவனுடைய நண்பர்கள் அவனுக்குத் தெரியாமல் அலினாலை மாற்றிவிட்டு, நாட்டுப்புறத்தில் தயாரித்த தாவர எரிபொருளை நிரப்பியிருந்ததுதான்.

துப்பறியும் கதை என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. பிரசாரம் என்ற அளவில் இது எப்படி வேலை செய்கிறது என்பதை என் ஆறாம் வகுப்பில் கண்டேன். பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனாலைப் பற்றிச் சொல்லிக் கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அதைப் போட்டால் எஞ்சின் வெடித்துவிடும், ஸார்!" என்றான். எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, "படத்திலே பார்த்தேன்" என்றான். அது வில்லன் செய்த சூழ்ச்சியல்லவா என்று ஞாபகப்படுத்தினேன். "ஆமாம், ஸார். ஆனாலும் வெடித்ததே!" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலில் உள்ள உண்மையை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. கண்ணால் கண்டது நெஞ்சில் நிற்கிறது. காதால் கேட்ட விளக்கம் கரைந்து போகிறது. மூன்று இடங்களில் எஞ்சின் புகைவதைப் பையன் பார்த்தான். கடைசி ஐந்து நிமிஷத்தில் வந்த விளக்கத்தைப் பாதி கேட்டான். மாற்று எரிபொருளின் பெயரைக் கெடுக்கப் பார்த்த ஆக்ஸில்ராடின் சூழ்ச்சி கதைக்குள்ளே தோற்றுப் போயிற்று. பையனுடைய மனசில் ஜயித்துவிட்டது.

இன்னொரு குறையும் உண்டு. அலினால் எதிலிருந்து செய்யப்படுகிறது என்று அந்தப் படத்தில் ஒருவரும் வற்புறுத்திக் கேட்பதில்லை. பச்சை நிறத்தில் அழகான விளம்பரம் இருக்கிறது. நல்லவன் விற்றால் நல்ல எரிபொருள், கெட்டவன் விற்றால் கெட்ட எரிபொருள், அவ்வளவுதான். எரிபொருளின் நன்மை தீமையை விற்கிறவனுடைய குணத்தை வைத்து நிர்ணயிக்கக் குழந்தை கற்றுக் கொள்கிறது.

நிஜ உலகத்தில் விஷயம் அப்படி இல்லை. பிரேஸில் தேசத்தின் கதையைப் பாருங்கள். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அந்தத் தேசம் திண்டாடிப் போயிற்று. 1975-ல் கரும்பிலிருந்து எத்தனால் எடுத்துக் கார் ஓட்டும் பெரும் திட்டம் ஒன்றை அரசாங்கத்தார் தொடங்கினார்கள். பத்து வருஷத்துக்குள் அங்கே விற்பனையான புதிய கார்களில் மிகப் பெரும்பாலானவை எத்தனாலிலேயே ஓடுகிறவையாக இருந்தன. அதற்குப் பிறகு பெட்ரோல் விலை சரிந்தது. சர்க்கரை விலை ஏறியது. கரும்பை எத்தனாலாக்குவதைவிடச் சர்க்கரையாக்கி விற்பது லாபமாயிற்று. 1989-ம் வருஷ முடிவில் எத்தனாலுக்குப் பஞ்சம் வந்து, கார் வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கை மளமளவென்று சரிந்தது. அங்கே ஒளிந்திருந்து கிரணம் வீசிய வில்லன் ஒருவனும் இல்லை. சந்தை விலை என்ற சாதாரணச் சங்கதியே அந்த வேலையைச் செய்துவிட்டது. அந்த நம்பிக்கை திரும்பி வர 2003-ம் வருஷம் ஆயிற்று. எத்தனால், பெட்ரோல் இரண்டில் எதை ஊற்றினாலும் ஓடும் கார்கள் அந்த வருஷத்தில் விற்பனைக்கு வந்தன. ஜனங்களுக்குத் தைரியம் பிறந்தது.

நம் பக்கத்திலும் உதாரணம் இல்லாமல் இல்லை. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து, பின்புறத்தில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் பஸ்கள் ஓடியதைப் பற்றிப் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2000-த்துக்குப் பிந்திய வருஷங்களில் காட்டாமணக்கு விதையிலிருந்து டீசல் எடுக்கலாமென்று ஒரே உற்சாகமாக இருந்தது. வறண்ட நிலத்திலும் தானாக வளர்ந்து கொட்டும் என்றார்கள். செடி வளர்ந்தது, விதைதான் சொன்னபடி கொட்டவில்லை. செடி பொய் சொல்லவில்லை. மண்ணும் தண்ணீரும் கேட்காமல் எதுவும் விளையாது என்ற பழைய கணக்கை நாம்தான் மறந்தோம்.

இவ்வளவு சொன்னாலும் 'கார்ஸ் 2' படத்தில் ஒரு சின்ன விஷயத்தை மெச்சாமல் இருக்க முடியாது. ஆக்ஸில்ராடின் குட்டு எப்படி வெளியாகிறது? டோக்கியோ விருந்தில் தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது. பட்டிக்காட்டு மேட்டரின் மேல் பழி விழுந்தது. "நான் ஒருநாளும் எண்ணெய் ஒழுகுகிறவன் அல்லவே!" என்று அவன் பிற்பாடு யோசித்துப் பார்க்கிறான். மின்சாரக் காராக வேஷம் போட்டவர் எண்ணெய் ஒழுகியிருக்கிறார்! பிரசங்கத்தைக் கேட்டு மயங்காதே. வண்டிக்கு அடியில் குனிந்து பார் என்பதுதான் இதன் பொருள். இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த விஞ்ஞானப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

*

இதற்குப் பத்து வருஷம் முந்தி, 2001-ல், அதே ஸ்தாபனத்தார் 'மான்ஸ்டர்ஸ், இங்க்' என்று ஒரு படம் எடுத்தார்கள். டைரக்டர் பீட் டாக்டர். எரிபொருள் என்ற வார்த்தையை வைத்து அது பிரசங்கம் செய்யவில்லை. இருந்தும் எரிபொருளைப் பற்றி எடுக்கப்பட்ட குழந்தைப் படங்களில் அதுவே தலைசிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

பூதங்கள் வசிக்கும் நகரம் ஒன்று. அந்த நகரத்தின் விளக்குகளும் வண்டிகளும் குழந்தைகளின் கதறலால் இயங்குகின்றன. இரவில் குழந்தையின் அறைக் கதவு வழியாகப் பூதம் நுழைகிறது, குழந்தை வீறிடுகிறது, அந்தக் கதறலை மஞ்சள் சிலிண்டர்களில் பிடித்து அடைக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் சிலிண்டர் இறங்குவதைப் போலவே அங்கே கதறல் அடுக்கப்படுகிறது. தொழிற்சாலை ஒழுங்காக நடக்கிறது. அதிகக் கதறல் சேகரித்த பூதத்தின் பெயர் பலகையில் ஏறுகிறது. அந்த ஊர்ப் பூதங்களில் ஒருவரும் துஷ்டர் அல்ல. வேலைக்குப் போய், சிநேகிதருடன் வம்பளந்துவிட்டு வீடு திரும்பும் சாதாரணக் குடும்பஸ்தர்கள். குழந்தையைத் தொட்டால் விஷம் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆகையால் எந்தப் பூதமும் எந்தக் குழந்தையையும் அருகில் சென்று பார்த்ததில்லை.

பிறகு பஞ்சம் வருகிறது. இந்தக் காலத்துக் குழந்தைகள் சுலபத்தில் பயப்படுவதில்லை. கதறல் குறைகிறது, விளக்கு மங்குகிறது. தொழிற்சாலைத் தலைவர் என்ன செய்கிறார்? குழந்தைகளைக் கடத்தி வந்து, யந்திரத்தைப் பொருத்திக் கதறலை உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்கிறார். பரம்பரைத் தொழிற்சாலை மூழ்கிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. ஊற்று வற்ற வற்ற மனிதர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டுகிறார்கள். இன்னும் கொடுமையாகத் தோண்டுகிறார்கள். இந்தச் சரித்திரத்தையே படம் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறது.

இரண்டு பூதங்களிடம் ஒரு குழந்தை வந்து சேர்கிறது. அது தற்செயலாகச் சிரிக்கிறது. பளீரென்று விளக்குகள் எரிந்து வெடிக்கின்றன! சிரிப்புக்குக் கதறலைப்போலப் பத்து மடங்கு சக்தி என்று கண்டுபிடிக்கிறார்கள். முடிவில் அதே தொழிற்சாலை, அதே கதவுகள், அதே சிலிண்டர்கள். பூதங்கள் இப்போது குழந்தைகளைச் சிரிக்க வைக்கப் போகின்றன.

இந்தக் கதையின் மேன்மை எங்கே இருக்கிறது? நம் வீட்டில் விளக்கு எரியும்போது எங்கோ யாரோ அதற்கு விலை கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள் என்ற உண்மையை ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி சொல்லிவிட்டது. அந்தக் குழந்தைக்குக் கரியமில வாயுவின் கணக்குத் தெரியாது. கதறல் என்றால் தெரியும். சுரங்கத்தருகே குடியிருக்கிறவனின் இருமல், கடலில் எண்ணெய் கொட்டியபோது வலையை மடித்து வைத்த மீனவனின் பட்டினி ஆகியவை எல்லாம் நம் காதுக்கு எட்டாத கதறல்கள். தொட்டால் விஷம் என்று சொல்லித் தூர நிறுத்தப்பட்டவர்களை அருகே போய்ப் பார்த்த பிறகே அந்தப் பூதங்களுக்கு மாற்றுவழி தென்பட்டது.

வேறொரு நுட்பத்தையும் கவனியுங்கள். பயமுறுத்துவதில் சூரர்களாக இருந்தவர்கள் எல்லோரும் சிரிக்க வைப்பதில் சூரர்கள் ஆகிவிடவில்லை. இத்தனை நாளும் கையாளாக இருந்த ஒற்றைக் கண் மைக் முதல் ஸ்தானத்துக்கு வருகிறான். எரிபொருள் மாறும்போது தொழிலாளியின் வாழ்வும் மாறுகிறது. 2021-ல் இந்தக் கதையின் தொடர்ச்சியாக வந்த டெலிவிஷன் தொடரில், பயமுறுத்தும் வித்தையில் முதல் வகுப்பில் தேறிய ஒரு பூதம் வேலைக்கு வந்து சேர்கிறது. அன்றோ, அந்த வித்தைக்கே வேலை இல்லாமல் போய்விட்டது! நிலக்கரிச் சுரங்கத்தை மூடப் போகிறோம் என்று பேசுகிற தேசங்கள் எல்லாம் அந்தப் பூதத்தின் முகத்தை ஒரு முறை பார்த்துக் கொள்வது நல்லது.

*

2008-ல் வந்த 'வால்-ஈ' படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மனிதர்கள் குப்பையால் பூமியை நிரப்பிவிட்டு விண்வெளிக் கப்பலில் ஓடிப் போகிறார்கள். எழுநூறு வருஷம் கழித்தும் ஒரு சின்ன யந்திரம் தன்னந்தனியாகக் குப்பையை அழுத்திக் கட்டி அடுக்குகிறது. காலையில் எழுந்ததும் அது வெயிலில் தன் தகடுகளை விரித்துக் காய்ந்து சக்தி பெறுகிறது. சூரிய சக்தியைப் பற்றி ஒருவரும் உபந்நியாசம் செய்வதில்லை. நாம் காலையில் காப்பி சாப்பிடுவதைப்போல அது வெயில் சாப்பிடுகிறது. பார்க்கும் குழந்தைக்கு வெயிலில் யந்திரம் ஓடுவது உலக இயல்பாகவே பட்டுவிடுகிறது. அதே சமயம், வெயிலால் ஓடும் யந்திரம் அள்ளுவதோ மலை மலையான குப்பை. எரிபொருளை மட்டும் மாற்றிக் கொண்டு ஆசையை மாற்றிக் கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் படம் சொல்லாமல் சொல்கிறது.

2012-ல் வெளியான 'லோராக்ஸ்' படத்தின் கதை வேறு. டாக்டர் ஸூஸ் 1971-ல் எழுதிய குழந்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தது. மரங்களுக்காகப் பரிந்து பேசும் ஒரு சிறு பிராணிதான் லோராக்ஸ். படத்தில் மரமே இல்லாத நகரம் ஒன்று. அங்கே ஒரு வியாபாரி காற்றைப் புட்டியில் அடைத்து விற்கிறான். நல்ல பரிகாசந்தான். ஆனால் படம் வெளியான சமயத்தில், அதே லோராக்ஸின் காட்டில் ஒரு புதிய மாஸ்டா கார் ஓடி வரும்படி விளம்பரம் செய்தார்கள். மரங்களின் அங்கீகாரம் பெற்ற கார் என்று அதற்குச் சிபாரிசு வேறு! அந்தக் காரோ பெட்ரோலில் ஓடுவது. அமெரிக்காவில் பெற்றோர் பலர் முகம் சுளித்தார்கள். புட்டியில் காற்று விற்றவன் படத்துக்குள்ளேதான் இருக்கிறான் என்று நினைத்தோம். வாசலிலும் கடை போட்டிருந்தான்.

இதையெல்லாம் கேட்டு, "அப்படியானால் இந்தப் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டவே வேண்டாமா?" என்று சில தாய்மார்கள் கேட்கலாம். தாராளமாகக் காட்டுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். பார்த்து முடிந்தபின் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த எரிபொருள் எதிலிருந்து வருகிறது? இதற்காக யார் கஷ்டப்படுகிறார்கள்? எரிந்தபின் மிச்சம் எங்கே போகிறது?

என் வகுப்பில் இந்தக் கேள்விகளைக் கேட்டு வருகிறேன். மின்சாரக் கார் புகையே விடாது என்று ஒரு பெண் சொன்னாள். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்று கேட்டேன். "சுவரிலிருந்து" என்றான் ஒருவன், எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இன்னொரு பெண், "நெய்வேலியிலிருந்து, ஸார். அங்கே பழுப்பு நிலக்கரி எரிக்கிறார்கள். எங்கள் மாமா அங்கேதான் வேலையில் இருக்கிறார்" என்றாள். நம் தேசத்து மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது என்பதைக் கரும்பலகையில் எழுதினேன். காற்றாலையும் சூரியத் தகடும் பெருகப் பெருக அந்தக் காரின் புகையும் குறையும் என்பதையும் அதன் கீழே எழுதினேன். எத்தனால் பற்றிய பாடத்தையும் இப்படியே முடித்தோம். 2025-ல் நம் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். அது கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருகிறது. அந்நிய தேசத்துக்கு எண்ணெய்க்காகக் கொடுக்கும் பணம் மிச்சமாகிறது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் ஒரு லிட்டர் பெட்ரோலின் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. கரும்புக்குத் தண்ணீரும் ஏராளமாக வேண்டும். லாபத்தை ஒரு பக்கமும் நஷ்டத்தை ஒரு பக்கமும் குழந்தைகள் தாங்களே எழுதினார்கள். எஞ்சின் வெடிக்கும் என்ற பையன், "அப்படியானால் கரும்பு போடுகிற ஊரில் கிணறு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், ஸார்" என்றான். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க அவன் கற்றுக் கொண்டுவிட்டான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் வேஷம், எல்லாம் வியாபாரம் என்று குழந்தைகளுக்குக் கற்பித்துவிடுவது மிகவும் சுலபம். ஆக்ஸில்ராட் ஏமாற்றுக்காரன், லோராக்ஸ் கார் விற்கிறான், காட்டாமணக்குக் காலை வாரிற்று, ஆகையால் பழைய பெட்ரோலே கதி என்று பத்து வயதில் ஒரு குழந்தை முடிவு கட்டிவிட்டால், அந்தச் சூழ்ச்சிக்காரனுக்கு நாமே உதவி செய்தவர்கள் ஆவோம். எண்ணெயையும் கரியையும் எரித்ததன் பலனை நம்மைவிட அதிக காலம் அனுபவிக்கப் போகிறவர்கள் இவர்கள். சந்தேகப்படவும் தெரிய வேண்டும். சந்தேகம் தீர்ந்தபின் நம்பவும் தெரிய வேண்டும். பிரேஸில்காரர்கள் ஒருமுறை ஏமாந்தும் பதின்மூன்று வருஷங்கள் கழித்து மேலான யந்திரத்தோடு திரும்பி வந்ததையும் சொல்லிக் கொடுப்பது அதற்காகத்தான்.

பூதங்களின் நகரத்தில் சிரிப்புக்குக் கதறலைவிடச் சக்தி அதிகம் என்று கண்டுபிடித்தவர்கள் யந்திர சாஸ்திர நிபுணர்கள் அல்ல. ஒரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முகத்தைக் கவனித்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நம் வீட்டிலும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் ஓடத்தான் போகிறது. சமையலறை வேலையையும் பத்திரிகையையும் சற்று ஒத்திவைத்துவிட்டு, பக்கத்தில் போய் உட்காருங்கள்.